புதிதாக ஒன்றுமில்லை

நகரத்தில் புத்தாக்கப் பேட்டை அமைக்க எந்த இடம் தோதானது என்று மதிப்பிட வந்த பத்மாசினி, லேத் பட்டறைத் தெருவில் எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டாள். "அஞ்சு வருஷத்துல புதுசா என்ன மெஷின் செஞ்சீங்க?" சொல்லிவைத்தாற்போல எல்லோரும் ஒன்றுமில்லை என்றார்கள். கடைசிப் பட்டறைக்காரர் குருநாதனும் ஒரு படுதாவுக்கு முன்னால் நின்றுகொண்டு அதையேதான் சொன்னார். படுதா நடுங்கிக்கொண்டிருந்தது. அடியிலிருந்து வெங்காயச் சருகுகள் பறந்துவந்து அவள் செருப்பில் ஒட்டின.

"உள்ள என்னங்க ஓடுது?"

"பழைய மோட்டாருங்க."

"வெங்காயத்தை உரிக்குதே!" அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

"ஏனுங்க மேடம், புது மெஷினுக்காக எங்க தெருவுக்கு நல்ல மார்க் விழுந்து, பேட்டை இங்கயே வந்துட்டா, அப்புறம் இங்க யாரு இருப்பாங்க?"

இதை அவளும் ஒருமுறை மேலதிகாரியிடம் கேட்டிருக்கிறாள். அவர் பேச்சை மாற்றிவிட்டார்.

பத்மாசினி படிவத்தில், புதிய இயந்திரங்கள் என்ற இடத்தில் பூஜ்யம் போட்டுக் கையெழுத்திட்டாள். அதை அவர் பக்கம் திருப்பிக் காட்டினாள். குருநாதன் கையைத் துடைத்துக்கொண்டு, கண்ணாடி போட்டு இரண்டு தடவை படித்தார்.

"இது எங்களுக்குக் காட்டறதுக்குங்க. நெசமான பேப்பர் எங்க வச்சிருக்கீங்க?"

"இதுதாங்க நெசமானது."

அவர் அவளுடைய தோள்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த பட்டறைகளில் லேத்துகள் ஒவ்வொன்றாக நின்றன. வாசலில் ஆட்கள் வந்து நின்றார்கள். பத்மாசினி பையைத் திறந்து, உள்ளே இருந்தவற்றை ஒவ்வொன்றாக அவர் மேஜைமேல் எடுத்து வைக்கத் தொடங்கினாள்.