காணாமல் போன செருப்புகள்

சிறையிலிருந்து வெளியே வந்தவன் திரும்பவும் உள்ளே போவான் என்று ஊரே நம்புகிறது. நானும் ஒருமுறை அந்த நம்பிக்கையைக் காப்பாற்றியிருக்கிறேன். இரண்டாவது விடுதலைக்குப் பிறகு நான் தலைகாட்டிய முதல் விசேஷம் மைத்துனியின் கல்யாணம். சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு மண்டப வாசலுக்கு வந்தால், மாமனாரின் அண்ணன் சுடலைமுத்து வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தார்.

“புதுச் செருப்பக் காணுமே! எந்தக் களவாணிப்பய...” என்றவர், என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். அந்த மரியாதைதான் சுட்டது.

“என்னோடதையும் காணும் மாமா” என்றேன். உண்மையிலேயே காணவில்லை.

“ஒம்ம செருப்பையுமா மாப்ள?”

வாசலே சிரித்தது. நானும் சிரித்தேன், எல்லோரையும்விடச் சத்தமாக.

என் மனைவி வடிவு மட்டும் சிரிக்கவில்லை. கிட்டே வந்து, என் கையிலிருந்த தாம்பூலப் பையைப் பார்த்தாள்.

“எல்லாரும் பாக்க ஒருதரம் தொறந்து காட்டிருங்களேன்” என்றாள், கெஞ்சுகிற குரலில்.

பையைத் திறக்கும்போது, உள்ளே தேங்காயும் வெற்றிலையும்தான் இருக்கும் என்பதில் எனக்கே அவ்வளவு நிச்சயமில்லை.