பளிச்சென்ற பெயர்

வீட்டிலேயே செய்த சர்க்யூட் போர்டில் மூன்றாவது சிப்பும் புரோகிராமை ஏற்கவில்லை. அண்ணன் அதையும் பிடுங்கி மேசையில் எறிந்தான். காலையில் கல்லூரியில் ப்ராஜெக்ட்டை ஓட்டிக் காட்டாவிட்டால் ஒரு வருடம் போச்சு.

"எல்லாம் போலிச் சரக்கு. வித்தவன் மூஞ்சியில காறித் துப்பணும்."

"கேபிளை மாத்தினியா?" என்றாள் தங்கை. அச்செடுத்த போர்டின் படத்தைச் சூடு வைத்துச் செப்புத் தகட்டில் ஒட்ட அவன் எடுத்துப் போனதிலிருந்து, அவளுடைய இஸ்திரிப் பெட்டி துணிக்கெல்லாம் கரி பூசிக்கொண்டிருந்தது.

"கேபிள், கம்ப்யூட்டர் எல்லாம் மாத்தியாச்சு. உன்னைத்தான் மாத்தலை."

அவள் போர்டைப் புரட்டினாள். செப்புக் கோடுகளுக்கு நடுவே அவன் பெயர் பளிச்சென்றிருந்தது.

"முதல்ல ஒண்ணு செஞ்சு குப்பையில போட்டியே, அதுக்கென்ன கேடு?"

"அசிங்கம். என் பேரு கண்ணாடியில பாக்குற மாதிரி திரும்பி விழுந்திருந்தது. அதான் திருப்பி அச்செடுத்தேன்."

"பேரை மட்டுமா, மொத்தப் படத்தையுமா?"

அண்ணன் போர்டை வாங்கிச் சிப்பின் கால்களை எண்ணிப் பார்த்தான். பெயர் நேரானதில் கோடெல்லாம் இடம் வலம் மாறி, சிப்பின் கால்கள் தப்பான கோடுகளைப் பிடித்திருந்தன.

குப்பைத்தொட்டியில் முட்டை ஓட்டுக்கு அடியில் கிடந்ததைக் கழுவி, எல்லாவற்றையும் அதற்கு மாற்றிப் பற்றவைத்தான். அந்தப் போலிச் சரக்கில் மிச்சமிருந்த கடைசிச் சிப், முதல் தடவையிலேயே புரோகிராமை விழுங்கியது.

"காலேஜுக்கு முகம் பாக்குற கண்ணாடியும் எடுத்துட்டுப் போ," என்றாள் தங்கை. "சார் உன் பேரைப் படிக்கணும்ல."