வாசல் பின்னாத கூடு

கட்டி முடித்த கூட்டுக்கு ஐந்து நெல்மணி வரி என்று ஊர்த்தலைவர் மைனா அறிவித்ததும், மஞ்சத்தலையன் என்ற தூக்கணாங்குருவி வாசலைப் பின்னாமல் வேலையை நிறுத்திக்கொண்டான். வசூலுக்கு மைனா மூன்று தடவை வந்தது. மூன்று தடவையும், "இன்னும் முடியலீங்க" என்றான். வரி கட்டிய பக்கத்துக் கூட்டுக்காரனை, "ஏமாளிப் பயலே" என்று கேலி செய்தான்.

அவன் காத்திருந்த பெண்குருவி ஒருநாள் கூடு பார்க்க வந்தாள்.

"வாசல் எங்கே?"

"வரிக்காக விட்டு வெச்சிருக்கேன், கண்ணு."

"முட்டை உருண்டு விழுந்தா மைனாவா வந்து பிடிக்கும்?" என்றவள், வரி கட்டியதற்கு அடையாளமாகச் சிவப்பு நூல் தொங்கிய பக்கத்துக் கூட்டுக்குப் பறந்துவிட்டாள்.

மஞ்சத்தலையன் மைனாவிடம் பறந்தான்.

"ஐயா, பத்து நெல்மணி தரேன். எனக்கும் ஒரு நூல் கட்டிவிடுங்க!"

"முடியாத கூட்டுக்கு வரி வாங்கச் சட்டத்துல இடமில்லையேப்பா," என்றது மைனா.