பாத்திறம்

முதல் கேள்வியில் ஒரு பிழைகூட இல்லை. அதுதான் பெரும் பிழையாகப் போயிற்று.

வார இதழின் மருத்துவக் கேள்வி பதில் பக்கம் அச்சுக்குப் போகுமுன் வழக்கம்போல ஒற்று சாரின் மேசைக்கு வந்திருந்தது. இருபத்திரண்டு வருடமாக மெய்ப்புத் திருத்துபவர். க், ச், த், ப் எங்கே மிகும், எங்கே மிகாது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். அதனால் அந்தப் பெயர்.

பக்கத்தைக் கொண்டுவந்த உதவி ஆசிரியை போகாமல் நின்றாள்.

“சார், இந்த வாசகியைப் பாருங்க. ஒரு ஒற்றுகூட விட்டுப்போகல. நம்ம ஆபீஸ்லயே இப்படி எழுத உங்களைத் தவிர ஆள் கிடையாது!”

சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே தன் இடத்துக்குப் போய்விட்டாள். ஒற்று சாருக்குக் காது இரண்டும் சூடாயின.

‘நாற்பத்தாறு வயது வாசகி’ என்ற பெயரில் அதை எழுதியவர் சாட்சாத் அவரேதான்.

வேறு என்ன செய்வார்? டாக்டரிடம் நேரில் போனால் முகத்தைக் காட்ட வேண்டும். கையெழுத்து தெரிந்துவிடக் கூடாதென்று நாலைந்து தாளில் பழகிப் பார்த்து, இடது கையால் எழுதித் தபாலில் போட்டார். இடது கைக்கும் ஒற்று தெரிந்திருந்தது.

நடந்தது இவ்வளவுதான். ஆறு வாரத்துக்கு முன் ஒரு மழை மதியம். மின்சாரமும் இல்லை, வேறு வேலையும் இல்லை. ஆணுறை வாங்கும் பழக்கம் எப்போதோ விட்டுப்போயிருந்தது. கடைசி நேரத்தில் விலகிக்கொண்டோமே, போதாதா என்று நிம்மதியாகத் தூங்கிவிட்டார்.

மூன்று வாரம் கழித்து, நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று மனைவி போகிற போக்கில் சொன்னாள். டாக்டரைப் பார்க்கலாமா என்றதற்கு, பார்த்துக்கொள்ளலாம் என்றாள். அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை.

மகளுக்கோ இப்போது ஐந்தாம் மாதம்.

ஒற்று சார் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். தாய்மாமன் மருமகனைவிட மூன்று மாதம் இளையவனாகப் பிறப்பான். மருமகன் குப்புற விழும்போது மாமன் பக்கத்துத் தொட்டிலில் வீறிட்டுக்கொண்டிருப்பான். சம்பந்தி முகத்தில் எப்படி முழிப்பது என்ற கவலையிலேயே சட்டை தொளதொளத்துவிட்டது.

பயம் அவரை அடுப்படிக்குள் தள்ளியது. மனைவியைக் குனிய விடவில்லை, நிமிர விடவில்லை. எல்லா வேலையையும் தானே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

இப்போது டாக்டரின் பதில் கண்ணெதிரே கிடந்தது. வரிக்கு வரி விரலை வைத்து வாசித்தார்.

விலகிக்கொள்வதை நம்பவே கூடாது, முன்னதாகக் கசிவதிலும் உயிரணு இருக்கலாம் என்றார் டாக்டர். அவசரக் கருத்தடை மாத்திரையை மூன்று நாளுக்குள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு சீக்கிரம் எடுத்திருக்க வேண்டும். சில மாத்திரைகள் ஐந்து நாள் வரை உதவும். வாரக்கணக்கில் ஆனபின் எடுத்துப் பயனில்லை. உறவுக்கு மூன்று வாரம் கழித்து வீட்டிலேயே சிறுநீரைச் சோதித்தால் தெரிந்துவிடும். இந்த வயதில் நாள் தப்புவது சகஜம், கரு தங்கும் வாய்ப்பும் குறைவு. ஆனாலும் முழுதாக ஒரு வருடம் மாதவிலக்கு வராமலிருந்தால்தான் நின்றுவிட்டது என்று நம்பலாம்.

நாற்பத்தாறு என்றால் முற்றுப்புள்ளி என்று நினைத்துக்கொண்டிருந்தாரே மனுஷன். அது வெறும் காற்புள்ளி.

வீட்டுக்குப் போகும் வழியில் மருந்துக் கடையில் ஏறி இறங்கிவிடுவது என்று தீர்மானித்துக்கொண்டு இரண்டாவது கேள்விக்கு வந்தார்.

‘எனக்கும் வயது நாற்பத்தாறு. நாள் தள்ளிப்போனது. சோதித்துப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. மறு வாரமே மாதவிலக்கும் வந்துவிட்டது. கணவரிடம் இன்னும் சொல்லவில்லை. பயத்தில் அவர் துணி துவைக்கிறார், வீடு பெருக்குகிறார், பாத்திறம் தேய்க்கிறார். இன்னும் எத்தனை நாள் சொல்லாமல் இருக்கலாம்?’

சிவப்புப் பேனா அந்தச் சொல்லின் மேல் போய் நின்றது.

பாத்திறம். வல்லின ற.

இருபத்தைந்து வருடமாக மளிகைச் சீட்டில் ‘பாத்திறம் தேய்க்கும் சோப்பு’ என்று எழுதுகிறவள் இந்த உலகத்தில் ஒருத்திதான். திருத்திக் கொடுக்கும்போதெல்லாம் ஒரே பதில்தான் வரும்.

“தேய்க்கிறது யாரு? நான்தானே? அப்ப எழுத்தும் என் இஷ்டம்.”

நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் மொத்தமாக இறங்கியது. சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நடுவில் ஒரே ஒரு நொடி, அந்தக் குட்டி மாமன் இல்லாமல் போனதில் கொஞ்சம் வலிக்கவும் செய்தது.

உடனே சொல்லிவிடுங்கள் என்று ஒரே வரியில் முடித்திருந்தார் டாக்டர்.

சொல்லித்தான் விட்டாளே! இந்தப் பக்கத்தை எழுத்தெண்ணிப் படிக்கும் கண் யாருடையது என்று அவளுக்குத் தெரியாதா என்ன?

பிறகுதான் முதல் சொல் உறைத்தது. எனக்கும். யாரைச் சேர்த்துக்கொண்டு இந்த ‘உம்’?

இடது கையால் பழகிப் பார்த்த தாள்களை எங்கே போட்டோம் என்று அப்போதுதான் யோசித்தார்.

தொலைவில் உதவி ஆசிரியை, பக்கம் முடிந்ததா என்று சைகையில் கேட்டாள். ஒற்று சார் பேனாவை அழுத்திப் பிடித்து ‘ற’வை வெட்டி, ஓரத்தில் ‘ர’ என்று எழுதினார்.

இப்போது தேய்ப்பவர் அவர்தானே.