இன்பராஜின் இடது கண்

புளியந்தோப்பு ராப் பாடகன் இன்பராஜ் தன் உருவத்தை ஒரு கம்பெனிக்கு எழுதிக் கொடுத்திருந்தான். பாட்டு, சினிமா, டிவி எல்லாவற்றிலும் அவனுடைய கணினி உருவமே நடித்தது. நேரில் பார்க்கும் ரசிகர்கள் ஏமாறாதபடி அவனும் அதைப் போலவே இருக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். ஆல்பத்துக்காக அது மொட்டை அடித்தபோது இவனுக்கும் அடித்தார்கள். சினிமாவில் அது கன்னத்தில் வெட்டு வாங்கியபோது இவன் கன்னத்தையும் கிழித்துத் தைத்தார்கள்.

அன்று மாலை, டிவி தொடரில் வில்லன் அதன் இடது கண்ணைப் பிடுங்கினான். மனைவி ரோசி பதறி எழுந்தாள்.

"கெளம்புய்யா, எங்கயாச்சும் ஓடிடலாம்."

"எங்க போனாலும் இந்த மூஞ்சி தெரியுமே, ரோசி."

அழைப்பு மணி அடித்தது. ரோசி ஓடிப்போய்க் கதவில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டாள்.

வெளியிலிருந்து ஒரு பெண்குரல் பணிவாகக் கேட்டது: "சார், சாப்ட்டு எவ்ளோ நேரம் ஆச்சு? மயக்க மருந்து குடுக்கணும்."