பெட்டிமேல் விழுந்த தண்ணீர்

போகிற வழி தண்ணீர்போல் தடங்கலில்லாமல் ஓட வேண்டும் என்று, ஊருக்குப் புறப்படுகிறவர் காலடியில் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றுவது பல்கேரியத் தலைநகர் சோபியாவில் வழக்கம். மாடிவீட்டு பென்கா தொற்றுக்குப் பயந்து சன்னலிலிருந்தே வீசினாள். தண்ணீர் ஸ்னெஜானாவின் காலை விட்டுவிட்டுப் பெட்டிமேல் விழுந்தது.

"அடியே, பெட்டியா ஊருக்குப் போகுது?" என்றாள் ஸ்னெஜானா.

"ரெண்டும் ஒண்ணாத்தானே போறீங்க, கிளம்புடி!"

மாட்ரிட் மருத்துவமனையில் அவள் மகன் கலோயான் மூச்சுத் திணறிக் கிடந்தான். விமான நிலையத்தில் பெட்டி உள்ளே போன பிறகு விமானம் ரத்தானது, மறுபடியும். முகக்கவசம் தாடையில் தொங்க, அதிகாரி எச்சில் தெறிக்க முழங்கினார்: "உங்க பாதுகாப்புதான் எங்க உயிர்மூச்சு!"

பெட்டி திரும்பி வந்தது. பூட்டு போட்டபடியே இருந்தது. திறந்ததும் ஒரே நாற்றம். மகனுக்காக அவள் பின்னிய புதுக் கம்பளிக் காலுறைகள் அழுக்கேறி, பிசுபிசுத்துக் கிடந்தன.

"விமானம் இருந்த இடத்தைவிட்டு அசையவே இல்லம்மா," என்றார் அதிகாரி. அவர் முகக்கவசம் அப்போதுதான் மூக்கை எட்டியது.

ஸ்னெஜானா முகத்தைச் சுளித்தபடி ஒன்றை எடுத்து முகர்ந்தாள். பள்ளிக்கூட நாளிலிருந்தே வீட்டாரை வாசலுக்கு விரட்டிய, கலோயானின் கால் நாற்றமேதான்.

காலுறை இன்னும் சூடாக இருந்தது.