மேட்ச் அன்றைக்குக் கடை லீவு

ஜப்பானோடு கால்பந்து ஆட்டம் தொடங்க இன்னும் ஒரு மணி நேரம்கூட இல்லை. யூன்மி கடையின் ஷட்டரை இறக்கிப் பூட்டினாள்.

கொரியாவின் தேகு நகரத்தில் அப்படியொரு மாலையில் கோழிக்கடையைப் பூட்டுவது, பந்தி உட்காரும் நேரத்தில் சமையல்கட்டைப் பூட்டுகிற மாதிரி. ஊரே டி.வி. முன்னால் பொரித்த கோழியும் பீருமாக உட்கார்ந்திருக்கும். ஒரு வார வியாபாரம் அந்த ஒரு பொழுதில் ஆகிவிடும்.

அவள் கணவன் தால்சூ நடைபாதையில் நின்றான். கோழியைப் புரட்டும் இடுக்கி இன்னும் கையிலேயே இருந்தது.

"நாரே அம்மா, உனக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு?"

"எண்ணெய் ஆறட்டும். வீட்டுக்கு வாங்க."

வீட்டு ஓவனுக்குள் வாணலிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். வாங்கிய நாளிலிருந்து அது பாத்திர அலமாரிதான். யூன்மி ஒவ்வொன்றாக இழுத்துத் தரையில் போட்டாள். சத்தம் கீழ்வீடுவரை கேட்டிருக்கும்.

பிறகு முழுக்கோழி ஒன்றைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, மிளகுத்தூளும் கொஞ்சமே கொஞ்சம் உப்பும் தடவினாள். உள்ளே பூண்டுப் பற்களையும் காய்ந்த இலந்தையையும் திணித்தாள்.

மகள் நாரே தரையில் உட்கார்ந்து சர்க்கரைவள்ளிக் கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தாள். டியூஷனுக்கு இன்று போக வேண்டாம் என்று சொன்னதும் யூன்மிதான்.

"மாவு இல்ல, எண்ணெய் இல்ல. இது கோழியா, ஆஸ்பத்திரிச் சாப்பாடாம்மா?"

"ஊருக்கெல்லாம் எண்ணெயில போட்டுக் கொடுத்தாச்சு. நாம என்னத்தைத் தின்னோம்? மிஞ்சின கருகல். அதுவும் நின்னுக்கிட்டே. இனிமே இந்த வீட்டுல இப்படித்தான். உட்கார்ந்து, மூணு பேரும் சேர்ந்து."

"தோல் மொறுமொறுன்னு வராது," என்றான் தால்சூ. அவன் தொழில் பேசியது.

"வரும்."

போன் அடித்தது. கடைக்குப் பெயர்ப்பலகை கொடுத்திருக்கும் கம்பெனியின் ஏரியா மேனேஜர். தால்சூ கையை நீட்டுவதற்குள் யூன்மி எடுத்துவிட்டாள்.

"முதலாளியம்மா, ஆர்டர் எடுக்கற ஆப்புல உங்க கடையைக் காணோமே. இன்னைக்கு மேட்ச். தெரியுமில்ல?"

"தெரியும்."

"முதலாளிக்கு உடம்பு ஏதும் சரியில்லையா?"

"அவருக்கென்ன, கல்லு மாதிரி இருக்காரு."

"அப்புறம் எதுக்குங்க மூடினீங்க?"

"வீட்டுல உட்கார்ந்து சாப்பிடறதுக்கு."

மேனேஜர் ஒப்பந்தத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். சொல்லாமல் கொள்ளாமல் மூடினால் பலகையைக் கழற்ற வேண்டிவரும் என்றார்.

"வந்து கழட்டிக்கோங்க. ஏணி கடைக்குப் பின்னால சாத்தியிருக்கு."

போனை அணைத்துக் கவிழ்த்து வைத்தாள். நாரே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தால்சூ சிரிக்கவில்லை.

ஆட்டம் தொடங்கிவிட்டது. குடியிருப்பு வாசலில் மற்ற கடைகளின் கோழிப் பொட்டலங்களைச் சுமந்துகொண்டு வண்டிகள் வருவதும் போவதுமாக இருந்தன. அவன் சன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தான். கடைசியில் செருப்பை மாட்டிக்கொண்டான்.

"ரெண்டாவது பாதிக்காவது தொறந்து வெச்சா..."

"போங்க. சாவி உங்க பையிலதான் இருக்கு. நான் பிடிச்சு வெக்கல."

கதவின் கைப்பிடியைப் பற்றியபடி அவன் நின்றான். ஓவனுக்குள் தோல் சிவக்கும் வாசனை அதற்குள் வீடு முழுக்க வந்துவிட்டிருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு வந்து மேசையருகே உட்கார்ந்தான்.

திடீரென்று மொத்தக் கட்டடமும் ஆர்ப்பரித்தது. யாரோ கோல் போட்டிருக்கிறார்கள். எந்த நாடு என்று மூவரில் ஒருவரும் கேட்கவில்லை.

கோழி மேசைக்கு வந்தது. கத்தி பட்டதும் தோல் நொறுங்கியது. தால்சூ அதைக் கேட்டுத் தலையாட்டினான்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம். ஒரு கால் அப்பாவுக்கு, ஒரு கால் மகளுக்கு. கழுத்தும் முதுகெலும்பும் யூன்மிக்கு. யாரும் போட்ட சட்டமில்லை. அப்பாவும் மகளும் தங்களை அறியாமலே தட்டுகளைக் கொஞ்சம் முன்னால் தள்ளினார்கள்.

யூன்மி இரண்டு கால்களையும் திருகி எடுத்தாள். இரண்டையும் தன் தட்டிலேயே வைத்துக்கொண்டாள்.

"அம்மா, ரெண்டுமா?"

"ரெண்டும்தான்."

முதல் காலை எடுத்துக் கடித்தாள். விரல்களில் வழிந்ததை நக்கினாள். எலும்பு வெள்ளையாகத் தெரியும்வரை அவள் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

தால்சூ நெஞ்சுக்கறியை நார் நாராகப் பிய்த்து அவள் தட்டில் வைத்தான். கடையில் நின்றால் எதையும் நினைக்காமல் இருந்துவிடலாம் என்றுதான் அவன் கதவுவரை போனான்.

"மெதுவா மென்னு சாப்பிடு," என்றான். "காலையில வார்டுல சேரணும். பையை நான் எடுத்து வெச்சுட்டேன்."

அதற்கு மறுநாள் அவளுடைய இரைப்பையில் முக்கால் பங்கை வெட்டி எடுக்கப்போகிறார்கள். இனி ஒரு வேளைக்கு ஒரு கைப்பிடிதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"தெரியும். இன்னைக்கு இந்த வயிறு முழுசா என்னோடது," என்று சொல்லிவிட்டு, யூன்மி இரண்டாவது காலைக் கையில் எடுத்தாள்.